பொன்னேரி பக்கம் நிலத்தில் வெட்டிக் குவித்த முள்ளை எரிக்க அனுமதி வாங்கணுமா? யாரிடம்?

தண்டையார்பேட்டைவாசி எழுதியது:

வணக்கம். நாங்கள் இருப்பது தண்டையார்பேட்டை. அப்பா வழியில் வந்த ஒன்றரை ஏக்கர், மீஞ்சூர் தாண்டி பொன்னேரி போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தண்ணீர் நின்றதோடு குத்தகைக்காரர் கைவிட்டுவிட்டார், அப்புறம் யாரும் ஏர் ஓட்டவில்லை. இப்போது நிலம் முழுக்க வேலிகாத்தான் (சீமைக்கருவேல்) முள், உள்ளே கால் வைக்க முடியவில்லை. ஆள் வைத்துப் பாதி நிலத்தை வெட்டி நாலு இடத்தில் குவித்திருக்கிறோம். ஒவ்வொரு குவியலும் ஆள் உயரத்துக்கு மேல், வெயிலில் காய்ந்து மொரமொரவென்று இருக்கிறது.

இதை எரிக்கலாமா என்பதுதான் கேள்வி. பக்கத்து நிலத்துப் பெரியவர், "ஒரு தீக்குச்சி போதும், இதுக்கு எதுக்கு அனுமதி" என்கிறார். வெட்ட வந்த ஆட்களில் ஒருவர், வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிட்டு எரியுங்கள் என்றார். ஹூஸ்டனில் இருக்கும் மச்சான் போனில் கேட்டுவிட்டு, "அங்கே பர்ன் பெர்மிட், எரிக்க அனுமதிச் சீட்டு எல்லாம் இல்லையா?" என்று சிரிக்கிறான். என் மனைவி 5000 ரூபாய் அபராதம் என்று எங்கேயோ படித்திருக்கிறாள்.

நிலத்தின் கிழக்கே நவரைப் பருவ நெல் பால் பிடித்து நிற்கிறது. தெற்கே மனைப் பிரிவு, நாலைந்து வீடுகள், அதில் ஒன்று ஆஸ்பெஸ்டாஸ் போட்டது. வடக்கு ஓரமாக அனல்மின் நிலையத்துப் பெரிய கம்பி போகிறது. வடக்கு வரப்பில் சின்னச் சின்னப் பனைகள் உண்டு. முள்ளுக்குள் பாம்பு இருக்கும் என்பதால் கையால் பிரித்து எடுக்க ஆட்களும் பயப்படுகிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழவேற்காட்டு ரோடு விவசாயி எழுதியது:

தம்பி, நான் அந்தப் பக்கம்தான். இங்கே யாரும் யாரிடமும் கேட்பதில்லை, அறுவடை முடிந்தால் நெல் தாளையும் வரப்பு முள்ளையும் கொளுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், இத்தனை வருஷத்தில் ஒரு அதிகாரியும் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் சொல்கிற அமைப்பில் நான் கொளுத்த மாட்டேன். கிழக்கே நெல் பச்சையாக இருக்கிறதே, பிடிக்காது என்று நினைக்காதீர்கள். வரப்பில் காய்ந்து கிடக்கும் கோரை இருக்கிறதே, அதுதான் திரி. எங்கள் ஊரில் ஒருவர் வாய்க்கால் கோரைக்கு வைத்த தீ, இரண்டு நிலம் தாண்டி வேறொருவருடைய வைக்கோல் போரில் போய் உட்கார்ந்தது. ஊர்ப் பஞ்சாயத்து பேசி வைக்கோலுக்குக் காசு கொடுத்து முடித்தார்கள், அந்த இரண்டு குடும்பமும் இன்றைக்கும் ஒரே டீக்கடையில் நிற்பதில்லை.

இன்னொன்று, வேலிகாத்தானை மேலே வெட்டி எரித்து ஒரு பிரயோஜனமும் இல்லை. அடிக்கட்டை மண்ணுக்குள் இருக்கிற வரை நாலு மழையில் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்து வரும். வேரோடு பிடுங்கினால்தான் விடுதலை. அதற்கு ஜேசிபிதான்.


ரெவின்யூ பழைய ஆள் எழுதியது:

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நேராகச் சொல்லிவிடுகிறேன்: தமிழ்நாட்டில் நிலத்தில் முள் எரிக்க "பெர்மிட்" என்று ஒரு படிவமும் கிடையாது, அதைத் தருவதற்கு என்று ஓர் அலுவலகமும் கிடையாது. வி.ஏ.ஓ.வுக்கு அந்த அதிகாரம் இல்லை. பேரூராட்சியோ ஊராட்சியோ, தாசில்தாரோ, "எரித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுக்க மாட்டார்கள். வாயால் சொன்னாலும் அது உங்களைக் காப்பாற்றாது. வி.ஏ.ஓ. தலையாட்டினார் என்று நாளைக்கு ஸ்டேஷனில் சொல்ல முடியுமா?

அனுமதிச் சீட்டு இல்லை என்பதால் தடையும் இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் சீட்டு வாங்கி எரித்தால் அது சட்டப்படி எரித்தது. இங்கே எரிப்பவன் தன் பொறுப்பில் எரிக்கிறான், ஏதாவது நடந்தால் மொத்தமும் அவன் தலையில்.

உங்கள் வீட்டம்மா சொன்ன 5000 பொய் இல்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் அல்மித்ரா படேல் வழக்கில் திறந்தவெளியில் கழிவுகளை எரிக்க நாடு முழுக்கத் தடை போட்டது. சாதாரணமாக எரித்தால் 5000, மொத்தமாக எரித்தால் 25000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு. குப்பைக் கிடங்குகளுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தடை. வெட்டிப் போட்ட முள் கழிவா, விவசாய மிச்சமா என்று வாதாட இடம் இருக்கிறது, ஆனால் வாதாடுவது நீங்கள், புகார் கொடுப்பது அந்த ஆஸ்பெஸ்டாஸ் வீட்டுக்காரர். குவியலில் ஒரு பழைய டயரோ பாலித்தீன் மூட்டையோ தெர்மாகோலோ கலந்திருந்தால் வாதத்துக்கும் இடமில்லை. மனைப் பிரிவு பக்கத்தில் இருந்தாலே ராத்திரியில் யாராவது கொண்டுவந்து கொட்டியிருப்பார்கள், போய்க் கிளறிப் பாருங்கள்.

அது போக குற்றச் சட்டம் தனி. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகு பிரிவு எண்கள் மாறிவிட்டன. பழைய 285 இப்போது 287: நெருப்பை அஜாக்கிரதையாகக் கையாண்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்தோ காயமோ வரும்படி நடந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். காற்றை நச்சாக்கினால் 280, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். தொகை சின்னதுதான். ஆனால் எஃப்.ஐ.ஆர். என்று ஒன்று விழுந்தால் அலைச்சல் பெரிது, நெல்லுக்காரர் நஷ்டஈடு கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போனால் அது இன்னொரு கதை.

ஏக்கர் கணக்கில் 5000, 10000, 30000 என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது டெல்லியையும் சுற்றியுள்ள மாநிலங்களையும் வைத்து 2024 நவம்பரில் வைக்கோல் எரிப்புக்குக் கூட்டிய தொகை. நமக்குப் பொருந்தாது, அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.


டெக்சாஸ் திருவொற்றியூரான் எழுதியது:

மச்சான் சிரித்ததைப் படித்து எனக்கும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இங்கேயும் அவர் நினைக்கிற மாதிரி ஒரு சீட்டு வாங்கினால் முடிந்தது என்று இல்லை. நான் ஹூஸ்டனுக்கு வெளியே கிராமத்துப் பக்கம் இருக்கிறேன். மாநில சுற்றுச்சூழல் ஆணையத்தின் விதி ஒன்று, அதற்கு மேல் ஒவ்வொரு கவுன்டிக்கும் (நம்ம மாவட்டம் மாதிரி) தனி விதி. வறட்சி வந்தால் கவுன்டி "பர்ன் பேன்" போட்டுவிடும், அப்போது சொந்த நிலத்திலும் குச்சி கிழிக்க முடியாது.

மாநில விதியில் எனக்குப் பிடித்தது நேரமும் காற்றும். சூரியன் உதித்து ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் பற்ற வைக்கலாம், அதே நாளில் சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்னால் முடித்துவிட வேண்டும். காற்று மணிக்கு 23 மைலுக்கு மேல் அடித்தால் கூடாது, அது எல்லாருக்கும் புரியும். ஆனால் 6 மைலுக்குக் கீழே இருந்தாலும் கூடாது! காற்றே இல்லாவிட்டால் புகை மேலே போகாமல் அப்படியே படுத்துக்கொள்ளும் என்பதால். பக்கத்தில் வீடு இருந்தால் 300 அடி தள்ளி, இல்லையென்றால் அவர்கள் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். கலிபோர்னியா இன்னும் கறார். அங்கே தீயணைப்புத் துறை அனுமதியோடு எரித்தாலும் குவியல் நாலடி அகலம், நாலடி உயரம்தான். அதைச் சுற்றிப் பத்து அடிக்கு வெறும் மண் தெரிகிற வரை செதுக்கியிருக்க வேண்டும், தண்ணீரும் மண்வெட்டியுமாக ஒரு பெரிய ஆள் கடைசி வரை நிற்க வேண்டும்.

இதை எல்லாம் அங்கே சட்டம் என்று சொல்லவில்லை சகோ. ஆனால் ஆள் உயரக் குவியல் நாலு, 300 அடிக்குள் வீடு, நெல், மேலே கம்பி. இங்கே டெக்சாஸில் என்றால் உங்களுக்கு யாரும் அனுமதி தரவே மாட்டார்கள்.


கொடுங்கையூர் மல்லிகா எழுதியது:

எல்லாரும் சட்டம், காற்று வேகம் என்று பேசுகிறீர்கள், புகையை முழுங்குகிறவர்கள் பக்கம் யாரும் பேசவில்லையே. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு தீப்பிடிக்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவள் நான். வருஷா வருஷம் போகி அன்றைக்கு என்ன நடக்கிறது? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் டயர் எரிக்காதே என்று கெஞ்சுகிறது, 2018 போகியில் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்க முடியாமல் திருப்பி அனுப்பினார்கள். மார்கழி கடைசி, விடியற்காலை, பனி, காற்று அசையாது. எரித்தது எல்லாம் தலைக்கு மேலேயே நிற்கும். மணலியிலும் எண்ணூரிலும் இருக்கிற காற்று போதாதா, ஊருக்கு வெளியே நிலம் இருந்தால் அங்கேயும் போய்ப் புகை போடணுமா? அந்த ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில் ஆஸ்துமா குழந்தை இருந்தால்?


பழவேற்காட்டு ரோடு விவசாயி எழுதியது:

அக்கா சொல்வது சரி, ஆனால் ஒன்று. நாங்கள் ஆசைப்பட்டுக் கொளுத்தவில்லை. கூலி ஆள் கிடைப்பதில்லை, அறுவடை இயந்திரம் வந்த பிறகு தாள் பாதி நிலத்திலேயே நின்றுவிடுகிறது, அடுத்த நடவுக்கு நாள் இல்லை. மெஷின் வாடகைக்குக் கொடுத்தால் எவன் கொளுத்தப் போகிறான்.


கொடுங்கையூர் மல்லிகா எழுதியது:

அண்ணே, உங்களைச் சொல்லவில்லை. இவர் நெல் போடவில்லை, முள்தானே. இவருக்கு என்ன அவசரம்?


மூன்று நட்சத்திரம் எழுதியது:

தீயணைப்புத் துறையில் இருந்தவன், வட சென்னை நிலையங்களிலேயே பெரும்பாலும். பேர் வேண்டாம்.

மேலே சொன்னதில் ஒன்றை யாரும் அழுத்திச் சொல்லவில்லை: மேலே போகிற கம்பி. உயர் அழுத்தக் கம்பிக்குக் கீழே பெரிய நெருப்பு வைத்தால் கம்பியைத் தீ தொட வேண்டியதில்லை. கரி கலந்த கெட்டிப் புகையும் சூடான காற்றும் ஏறினாலே கம்பிக்கும் கம்பிக்கும் நடுவிலோ கம்பியிலிருந்து தரைக்கோ மின்சாரம் தாவும். லைன் டிரிப் ஆகும், கீழே நிற்பவன் பிழைப்பது அதிர்ஷ்டம். அந்த நேரத்தில் நாங்கள் வந்தாலும் லைனை நிறுத்தியாச்சு என்று உறுதி ஆகாமல் தண்ணீர் அடிக்க முடியாது. வடக்கு ஓரத்தில் இருக்கும் குவியல் எது என்று பாருங்கள், அதை எரிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது தரைக்குக் கீழே. மீஞ்சூர், அத்திப்பட்டு, மணலி சுற்றுவட்டாரத்தில் எரிவாயு, எண்ணெய்க் குழாய்கள் விளைநிலத்துக்கு அடியில் போகின்றன. 2019-ல் காமராஜர் துறைமுகத்தில் எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) முனையம் திறந்த பிறகு புதிதாகவும் குழாய் பதித்தார்கள். நிலத்தில் எங்காவது மஞ்சள் கல்லோ பலகையோ நட்டு அதில் ஒரு அவசர எண் எழுதியிருக்கிறதா? முள் மூடி வைத்திருக்கும், தேடிப் பாருங்கள். இருந்தால் அந்தத் தடத்தின் மேல் நெருப்பும் கூடாது, ஜேசிபியும் கூடாது, அந்த எண்ணுக்குப் போன் செய்யாமல் ஒரு கூடை மண்கூட அள்ளாதீர்கள்.

பாம்புக்காகத்தான் எரிக்கிறேன் என்று நிறையப் பேர் சொல்வார்கள். குவியலில் தீ வைத்தால் பாம்பு சாகும் என்று நினைப்பு. வெளியே ஓடும், எங்கே ஓடும், நிழலும் ஈரமும் இருக்கிற இடத்துக்கு, அதாவது வீட்டுக் குளியலறைக்கு. குவியலை நீளமான கொக்கியால் ஒரு பக்கத்திலிருந்து இழுத்துக் கலைத்தாலே போதும், அதிர்வுக்குப் பெரும்பாலும் அது போய்விடும். கையை உள்ளே விடாதீர்கள், முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள்.

இதையும் மீறி எங்காவது சின்னதாக எரித்தே ஆகவேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு மட்டும்: நாங்கள் போகிற புல் தீ, முள் தீயில் பாதி, முந்தின நாள் அணைத்துவிட்டேன் என்று சொன்ன நெருப்பு. மேலே சாம்பல் வெள்ளையாக, கை வைத்தால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான் தெரியும். ஒரு முழம் தோண்டினால் கட்டையின் அடியில் கங்கு செக்கச்செவேல் என்று இருக்கும். மத்தியானம் கடல்காற்று திரும்பும்போது அது கண் திறக்கும். காலையில் மேற்கே இருந்து அடித்த காற்று பதினொன்று, பன்னிரண்டுக்கு மேல் கிழக்கே இருந்து திரும்பி அடிக்கும் என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் தீ வைக்கும்போது மட்டும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, புறங்கை வைத்துப் பார். மருந்து அடிக்கிற ஸ்பிரேயர் முதுகில் ஒன்று தயாராக இருக்கட்டும். கை மீறினால் வீரம் காட்டாமல் 101 அல்லது 112.


ரெவின்யூ பழைய ஆள் எழுதியது:

பனை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் கவனியுங்கள். பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. வேலிகாத்தானைப் பட்டா நிலத்தில் பிடுங்க யாரும் தடுக்க மாட்டார்கள், அரசே அதை ஒழிக்கக் கொள்கை வைத்திருக்கிறது. ஆனால் முள்ளோடு சேர்த்துப் பனங்கன்றும் கருகினால், வேண்டுமென்றே கொளுத்தினான் என்று சொல்ல ஊரில் ஒருவர் இருப்பார்.


தண்டையார்பேட்டைவாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. குழாய் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். சரி, எரிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இந்த நாலு குவியலை நான் என்ன செய்வது? லாரி வைத்து ஏற்றினால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? காசும் கையில் ரொம்ப இல்லை.


பழவேற்காட்டு ரோடு விவசாயி எழுதியது:

தம்பி, அது குப்பை இல்லை, விறகு. கை மணிக்கட்டு பருமனுக்கு மேல் இருப்பதை எல்லாம் தனியாக அடுக்குங்கள். செங்கல் சூளைக்காரர்கள் இந்த மாவட்டத்தில் எவ்வளவு பேர், விறகு மண்டிக்காரர்கள், கல்யாணச் சமையல்காரர்கள், யாராவது ஒருவர் டிராக்டரோடு வருவார். வேலிகாத்தான் நன்றாக நின்று எரியும். காசு கொடுக்காவிட்டாலும், "நீயே வெட்டி நீயே எடுத்துக்கொள்" என்றால் மீதிப் பாதி நிலத்தைக் கூலி இல்லாமல் வெட்டி முடிப்பார்கள். வெட்டுவதற்கு முன்னால் இதைப் பேசியிருந்தால் உங்களுக்குக் கூலியே மிச்சம். பரவாயில்லை, மீதிக்கு ஆகும்.

விற்காதது மெல்லிய முள் கொப்புதான். அதில் ஒரு பங்கை ரோட்டு ஓரம் வேலியாக அடைத்துவிடுங்கள், ஆடு மாடும் வராது, ராத்திரியில் குப்பை கொட்டுகிறவனும் வர மாட்டான். மிச்சத்தை, எப்படியும் வேர் பிடுங்க ஜேசிபி வரப்போகிறதே, தாழ்வான மூலையில் ஒரு நீளக் குழி எடுத்து உள்ளே தள்ளி பக்கெட்டால் அமுக்கி மண் மூடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் ரெண்டு மூன்று வருஷம் உழ வேண்டாம், முள் மக்காமல் காலில் ஏறும். அப்புறம் மண் கருப்பாகிவிடும்.

அரசின் உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறை வண்டி வாடகைக்குப் பதிவு செய்யலாம், தனியார் வாடகையைவிடக் குறைவு, ஆனால் முறை வர நாள் ஆகும். நவரை அறுவடை சமயத்தில் எல்லா வண்டியும் ஓட்டத்தில் இருக்கும்.


டெக்சாஸ் திருவொற்றியூரான் எழுதியது:

இங்கே கொப்பை அரைத்துத் தூளாக்கும் மெஷின் வாடகைக்கு எடுத்து அந்தத் தூளை மரத்தடியில் போட்டுவிடுவார்கள். அங்கே கிடைக்குமா?


பழவேற்காட்டு ரோடு விவசாயி எழுதியது:

தென்னை மட்டை தூளாக்கும் மெஷின் சில இடத்தில் இருக்கிறது. காய்ந்த வேலிகாத்தானைப் போட்டால் பிளேடு போகும் என்று தர யோசிப்பார்கள். பச்சையாக இருக்கும்போதே மெல்லிய கொப்பை விட்டால் அரைக்கும்.


தண்டையார்பேட்டைவாசி எழுதியது:

சூளைக்காரர் ஒருவர் நம்பர் கிடைத்துவிட்டது, வந்து பார்க்கிறேன் என்றார். ஜேசிபி எப்போது விடலாம்? இப்போதே விடட்டுமா, மழை வரட்டுமா?


பழவேற்காட்டு ரோடு விவசாயி எழுதியது:

இப்போது மண் கல்லாக இருக்கிறது, வேர் பாதியில் முறிந்து உள்ளேயே நின்றுவிடும், காசும் மணிக்கணக்கில் போகும். ஆடி, ஆவணியில் ரெண்டு நல்ல மழை விழட்டும், மண் இளகி இருக்கும்போது கிழங்கோடு வரும். அதற்குள் மஞ்சள் கல்லைத் தேடி முடியுங்கள். வடக்கு வரப்பில் இருக்கிற பனங்கன்றுகளுக்குச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள், ஜேசிபி ஓட்டுகிற பையனுக்கு அதுவும் முள்ளும் ஒன்றுதான். கம்பிக்குக் கீழே வண்டியின் கையை உயரத் தூக்காதே என்று முதலிலேயே சொல்லிவிட்டு, கூடவே நில்லுங்கள்.